இறால் ஓடும் சாமி வரிசையும்

கண்டியில் கடல் இல்லை. குளம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, வருஷம் முழுக்க எங்கிருந்தாவது ஒழுகிக்கொண்டே இருக்கும் மழை இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. ஆனாலும் விடியற்காலையில் ஒரு லொறி கடலை ஐஸ் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு சிலாபத்துப் பக்கமிருந்து மலையேறி வரும். நான் வேலை செய்யும் ஹோட்டலின் பின்வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போகும். நான் ஸ்டோர் கீப்பர். பெட்டியைத் திறப்பேன், நிறுப்பேன், கையெழுத்துப் போடுவேன். மூடியைத் தூக்கியதும் முகத்தில் வந்து அறையும் அந்தக் குளிர்ந்த உப்பு வாசம்தான் எனக்கு வாய்த்த கடல். அது மூக்கில் ஏறியதும் எங்காவது கிளம்பிவிட வேண்டும் போலிருக்கும். எங்கே என்று கேட்டால் தெரியாது. தலை நரைத்த பிறகும் எனக்கு அப்படித்தான். ஒரு கதிரையில் சேர்ந்தாற்போல் கொஞ்ச நேரம் உட்கார முடியாது. அறைக் கட்டிலுக்கு அடியில் ஒரு பயணப் பை எப்போதும் பாதி அடுக்கியபடியே கிடக்கும். மீதிப் பாதியை எந்த ஊருக்காக அடுக்குவது என்று முடிவாகவில்லை, அவ்வளவுதான்.

இறாலின் சதை மேல்மாடிச் சாப்பாட்டு அறைக்குப் போகும். குளத்தைப் பார்த்தபடி வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடுவார்கள். ஓடும் தலையும் வாலும் கறுப்புப் பைக்குள் போய், மத்தியானத்துக்குள் நாறத் தொடங்கி, குப்பை வண்டிக்குக் காத்திருக்கும். எத்தனையோ வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அக்காவின் பூச்செடிகள் சாகத் தொடங்கும் வரை அதைக் குப்பை என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்கா பன்விலவில் இருக்கிறாள். தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு பூக்கூடையைத் தூக்கியவள். தொழிலாளர் லயத்துக்குப் பின்னால், மரக்கறி போட்டுக்கொள்ளத் தோட்டத்து நிர்வாகம் கொடுத்த ஒரு துண்டுச் சரிவில் செவ்வந்தி நடுகிறாள். அத்தான் போன பிறகு அந்தச் சரிவுதான் அவளுக்குப் பேச்சுத் துணை. வெள்ளிக்கிழமைகளிலும் விசேஷ நாட்களிலும் அவள் பூ வத்தேகம டவுனில் ஒரு கோயிலுக்குப் போகும். வேறு வாடிக்கை கிடையாது.

அந்தச் செடிகளுக்குத்தான் வாடல் வந்தது. காலையில் நிமிர்ந்து நிற்கும் செடி மத்தியானம் தலையைத் தொங்கப்போடும். சாயங்காலம் திரும்ப நிமிரும். நாமும் நம்பிவிடுவோம். மறுநாள் ஒரு பக்கத்து இலை மட்டும் மஞ்சளாகும், பிறகு மறுபக்கமும். பிடுங்கித் தண்டைக் கீறினால் உள்ளே பழுப்பாக ஒரு கோடு ஓடியிருக்கும். மண்ணுக்குள் இருக்கும் ஒரு பூஞ்சணம் வேர் வழியாக ஏறி, செடி தண்ணீர் குடிக்கும் குழாயை அடைத்துவிடுகிறதாம். மருந்துக் கடையில் ஒரு போத்தல் கொடுத்தார்கள். அடித்தாள். அக்காவுக்கு இருமல் வந்தது. பூஞ்சணத்துக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு நடவு போனது. அடுத்த நடவும் போனது.

“இந்தத் தடவையும் விழுந்துச்சுன்னா நெலத்தத் தோட்டத்துக்கே குடுத்துர்றேன்டா தம்பி” என்றாள். “கொழும்புல மக கூப்புட்டுக்கிட்டே இருக்கா. போயி புள்ளயப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்.”

கெடக்கேன் என்றாளே, அந்தச் சொல் எனக்குள் முள்ளாக நின்றது. அந்த மாடி வீட்டுக்கு அவளோடு ஒருதடவை போயிருக்கிறேன். மேகத்துக்குப் பக்கத்தில் வீடு. மகள் நல்லவள், மருமகன் நல்லவன், குழந்தை தங்கம். ஆனால் அக்கா பல்கனியில் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டேன். “மண்ணு எங்கனருந்து ஆரம்பிக்குதுன்னு பாக்குறேன்” என்றாள். எனக்கு எந்த ஊரிலும் கால் நிற்காது. அவளுக்கு அந்த ஒரு சரிவை விட்டால் வேறெங்கும் கால் ஊன்றாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள்.

இனி வைக்கும் நடவு தேர்த் திருவிழாவுக்குப் பூக்கும். அதுதான் கடைசி என்று அவள் சொல்லிவிட்டாள்.

கண்டியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருக்கிறார். என் வயதுதான். பேராதனைப் பக்கம் மண் சோதிக்கும் ஆய்வுகூடமொன்றில் வேலை. சுத்த சைவம். முட்டை வாங்கி வந்த பையைக்கூடப் படியில் வைக்க விடமாட்டார். ஒரு மாலை படியேறும்போது அக்காவின் செடிக் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, சம்பந்தமில்லாததுபோல் ஒன்று கேட்டார்.

“அண்ணை, உங்கட ஹோட்டலில இறால் கோது எறியிறவையோ?”

“கோதுன்னா ஓடுதானே? மூட்டை மூட்டையா.”

“அதைத்தான் கேக்கிறன். அதைக் காயவிட்டு இடிச்சு, கொஞ்சத்தைக் கருப்பட்டியும் தயிரும் விட்டுப் புளிக்க வையுங்கோ. மிச்சத்தைத் தூளாவே மண்ணோட சேருங்கோ. நடுறதுக்கு முன்னமே சேர்க்க வேணும். பிறகு பொறுத்திருக்க வேணும்.” பொறுத்திருப்பது என்று சொல்லும்போது என் காலைப் பார்த்தார். அது படியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஏன் என்று கேட்டேன். படியில் நின்றபடியே சொன்னார். இறால் ஓடு எதனால் ஆனதோ, பூஞ்சணத்தின் மேல்தோலிலும் அதே பொருள் இருக்கிறதாம். மண்ணில் இறால் ஓடு போட்டால் அதைத் தின்னும் கிருமிகள் பெருகுமாம். ஓடு தீர்ந்ததும் பசித்த வாய் சும்மா இருக்காது, அதே ருசியுள்ள பூஞ்சணத்தின் தோலைத் தேடிப் போகும். “எல்லாச் செடியும் தப்பும் எண்டு சொல்லமாட்டன். ஆனா செய்து பாக்கலாம்” என்றார்.

எனக்கு அன்றிரவு தூக்கமில்லை. கடலில் கிடந்த ஒன்றின் சட்டை, மலையில் நிற்கும் ஒரு பூவுக்குக் காவல் நிற்கப் போகிறது என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

காலையில் தலைமைச் சமையல்காரரிடம் போனேன். அக்குறணைக்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, எல்லோரும் அவரை ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம்.

“நானா, இறால் ஓட்டைக் குப்பையில போட வேணாம். எனக்கு வேணும்.”

“எனத்துக்கு தம்பி? ஊட்டுல பூன வளக்கிறீங்களா?”

“பூச்செடிக்கு நானா.”

கத்தியைக் கீழே வைத்துவிட்டார். “பூச்செடி இறால் தின்னுமா? அப்ப சொல்லுங்களே, கொஞ்சம் பட்டரும் தேசிக்காயும் வச்சே தாரன்.” அடுப்படி முழுக்கச் சிரித்தது. ஆனால் அன்று மத்தியானமே, மசாலா படாத பச்சை ஓடு மட்டும் தனியாகக் கட்டி வைத்திருந்தார். “இந்தாங்க, ஒங்கட பூவுக்குப் பகல் சாப்பாடு.”

கொண்டுபோக என்னிடம் இருந்த பெரிய பை ஒன்றுதான். கட்டிலுக்கு அடியில் கிடந்த பயணப் பை. பாதி அடுக்கியிருந்ததைக் கொட்டிவிட்டு, இறால் ஓடுகளைப் பிளாஸ்டிக் உறைகளில் கட்டி உள்ளே வைத்தேன். பன்வில பஸ்ஸில் அது கசிந்தது. கொண்டக்டர் மோந்து பார்த்து, “கரவலத?” என்றான். சிங்களத்தில் கருவாடா என்று கேட்கிறான். தலையாட்டினேன். கருவாட்டுக்கு பஸ்ஸில் இடமுண்டு, இதற்கு என்ன பெயர் சொல்வது?

அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது. “கவுச்சிடா. சாமிக்குப் போற பூ.” பிறகு சரிவைப் பார்த்தாள். காய்ந்த தண்டுகள் இன்னும் பிடுங்காமல் நின்றன. “சரி, வச்சுட்டுப் போ. நான் பாத்துக்கிறேன்.”

பார்த்துக்கொண்டாள். அடுத்த வாரம் நான் போனபோது மூடி போட்ட நீல பிளாஸ்டிக் பெரல் ஒன்றுக்குள் எல்லாம் கரைத்து வைத்திருந்தாள். கருப்பட்டி, தயிர், இடித்த ஓடு. புளித்தால் நுரைத்துப் பொங்கும், புளித்த மாவு வாசம் வரும் என்று கீழ்வீட்டம்மா சொல்லியிருந்தார். திறந்தேன். நுரை இல்லை. வாசமும் இல்லை. இறால் வாசம்கூட இல்லை. மூடினேன். தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி திறந்தேன். கிணற்றடிக்குப் போய்விட்டு வந்து திறந்தேன்.

“நீ இப்புடித் தொறந்து தொறந்து பாத்தா அது வெக்கப்படாதா?” என்றாள் அக்கா. “புதுப் பொண்ணு மாதிரி வுட்டுரு அத.”

கண்டிக்குத் திரும்பி அந்த அம்மாவிடம் சொன்னேன், சத்தமே இல்லாமல் கிடக்கிறது என்று. அவர் கொஞ்சம் யோசித்தார். “அக்கா ஓட்டைக் கழுவினவவோ? என்னத்தால கழுவினவ?”

அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் பெருமையாகச் சொன்னாள். “பின்ன, சாமி பூவுக்குப் போறத அப்புடியேவா போடுவாங்க? மீன் கழுவுற மாதிரி உப்புப் போட்டுத் தேச்சு, மஞ்சத் தண்ணியில ஊறப்போட்டு, மூணு தண்ணி அலசுனேன். கவுச்சி ஒரு பொட்டு இல்ல.”

கீழ்வீட்டம்மா நெற்றியில் கை வைத்தார். “மஞ்சளும் உப்பும் கிருமியைக் கொல்லத்தானே போடுறது! உங்களுக்கு அந்தக் கிருமிதான் வேணும் எண்டு சொல்லுங்கோ. அந்தத் தண்ணியைச் செடிக்கு ஊத்திப்போடவும் வேண்டாம், உப்பு வேரை எரிச்சுப்போடும்.”

சொன்னேன். “கிருமி வேணுமா? சாமி பூவுக்குக் கிருமி வேணுமா?” என்றாள் அக்கா. “யாருடா அந்தம்மா? சைவம்னு வேற சொன்ன.”

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை நான் கண்டியிலேயே காயவைத்துக் கொண்டுபோவது என்று முடிவு. வெறும் தண்ணீரில் அலசி எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாக்கு விரித்துப் பரப்பினேன். கண்டி வெயிலை நம்பினவன் நான். ஒரு மணி நேரம் காயும், பிறகு தூறும். ஓடிப்போய் அள்ளுவேன். அள்ளி முடித்ததும் வெயில் பல்லைக் காட்டும். காகங்களுக்குச் சேதி போய்விட்டது. அவை போனால் குரங்குகள் வரும். இறால் தலையை எடுத்து முகர்ந்து பார்த்து, பிடிக்காமல் அடுத்த வீட்டு மாடியில் எறியும். வேலை நேரத்திலும் என் கண் வானத்திலேயே இருந்தது. எடை போட்டதையே திரும்ப எடை போட்டேன். காற்று மாறிய ஒரு நாள் கீழிருந்து குரல் வந்தது.

“அண்ணை! நான் சொன்னது உண்மைதான். ஆனா என்ர தலைக்கு மேல காயப் போடச் சொல்லி நான் சொல்லேல்லை. இண்டைக்கு வெள்ளிக்கிழமை!”

“மன்னிச்சுக்கோங்க. இன்னைக்கோட முடிஞ்சுது.”

“முடியாது. எனக்குத் தெரியும்.” கதவு சாத்தும் சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவு மறுபடி திறந்தது. “தகரத்தில பரப்புங்கோ. சாக்கில வையாதேயுங்கோ. கெதியாக் காயும்.”

தகரத்தில் காய்ந்தது. விரலில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த ஓட்டை ஒளியில் பிடித்துப் பார்த்தேன். மெல்லிய ரோசா நிறம், கண்ணாடித்தாள் போல. ஒரு உயிர் தன்னைச் சுற்றிக் கட்டிய சுவர் இவ்வளவு மெலிதா? நான் என்னைச் சுற்றிக் கட்டியது எதுவுமே இவ்வளவு காலம் நின்றதில்லை.

அக்கா உரலில் இடித்தாள். இந்தத் தடவை பெரல் இரண்டாம் நாளே பேசத் தொடங்கிவிட்டது என்று போனில் சொன்னாள். போனை பெரலின் பக்கத்தில் வைத்து, “கேளு” என்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னேன்.

தூளை மண்ணில் கலக்கப் போன அன்றுதான் அந்தச் சட்டத்தைப் போட்டாள். சரிவின் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் பாத்தி. மேலே இருக்கும் இரண்டு வரிசைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

“இதுல போடாத.”

“ஏன்க்கா?”

“இது சாமி வரிசை. மேல் வரிசை சாமிக்கு. இதுல கவுச்சி படக்கூடாது. இங்கன சாணியும் சாம்பலுந்தான். சாமி கழுத்துக்கு இதுலருந்து பறிச்சுக்கிறேன். மத்ததெல்லாம் உன் எறா தின்னட்டும்.”

வாதாட எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அவள் நின்ற நிற்பு, கருவறை வாசலில் நிற்பதுபோல இருந்தது. கீழே இருந்த வரிசைகளில் மட்டும் தூளைத் தூவிக் கிளறினோம். மேலே இரண்டு வரிசை சுத்தமாக, கறுப்பாக, காத்துக்கொண்டு இருந்தது.

பிறகு வேலையே இல்லை. அதுதான் கொடுமை. மண் தன்பாட்டில் தின்றுகொண்டிருக்க வேண்டும், நாம் சும்மா இருக்க வேண்டும். எனக்கு அது வராது. ஓய்வு நாளெல்லாம் பன்வில பஸ். நாற்று நட்ட பிறகு, புளித்த தண்ணீரை நிறையத் தண்ணீர் கலந்து கீழ் வரிசைகளின் வேரடியில் மட்டும் ஊற்றினாள். நான் இலைமேலும் அடித்துப் பார்ப்போமே என்றேன். “மேல பட்டுச்சு, உன் கையில போடுவேன் ஒண்ணு” என்றாள். மலையில் பனி இறங்கும், ஏறும். செடி நின்றது. மத்தியானம் தலையைத் தொங்கப்போடுகிறதா என்று பார்க்க நான் மத்தியானத்துக்காகக் காத்திருப்பேன். தொங்காது. எனக்கு அதையும் நம்ப முடியாது.

மொட்டு கட்டிய சமயம் ஒரு மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. “வா” என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

வத்தேகமவில் பஸ் நின்றுகொண்டே இருந்தது. இறங்கி நடந்தே போய்விடலாமா என்று தோன்றியது. போய்ச் சேர்ந்தபோது அவள் சரிவின் உச்சியில் குந்தியிருந்தாள். சாமி வரிசை இரண்டும் தலையைத் தொங்கப்போட்டிருந்தன. ஒரு பக்கத்து இலை மஞ்சள். கீழே ஓடு தின்ற வரிசைகளில் அங்குமிங்கும் ஒன்றிரண்டு செத்திருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மற்றதெல்லாம் மொட்டும் இலையுமாக, ஒன்றும் நடக்காததுபோல் நின்றன.

ஜெயித்துவிட்டோம் என்று கத்த வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

“சாமிக்கு வச்சதுதான்டா போச்சு” என்றாள். “சுத்தமா வச்சது.”

தேருக்கு முன்னால் அவளிடம் இருக்கப்போவது இறால் தின்ற பூ மட்டும். “யாருக்குக்கா தெரியப்போவுது?” என்றேன். “பூவ மோந்து பாரு. பூ வாசந்தான் வருது.”

“எனக்குத் தெரியுமே” என்றாள்.

பூத்ததும் முதல் கூடையோடு வத்தேகமவுக்குப் போனோம். பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். கோயிலில் ஐயர் விளக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். பூவைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “என்னம்மா, இந்தத் தடவை இவ்வளவு திரட்சியா?”

“சாமி, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லும்மா.”

“இதுக்கு எறா ஓடு போட்டிருக்கேன்.”

ஐயரின் விரல்களிலிருந்து பூ நழுவிக் கூடைக்குள் விழுந்தது. நான் தூணுக்குப் பின்னால் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றேன்.

“பூ மேலயா?”

“ஐயோ, இல்ல சாமி. மண்ணுக்குள்ள. இடிச்சு, புளிக்க வச்சு.”

“ஏம்மா சொன்னீங்க?” உண்மையிலேயே நொந்துபோய்க் கேட்டார். “சொல்லாம இருந்திருக்கலாமில்ல? இப்ப எனக்கும் தெரிஞ்சு போச்சே.”

“அதுக்குத்தான் சொன்னேன் சாமி. நான் ஒருத்தியாத் தூக்கிக்கிட்டு இருக்க முடியல.”

அவர் கருவறைப் பக்கம் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார். வெளியே தேருக்குக் கம்பு கட்டும் சத்தம். கூடையைப் பார்த்தார். கடைசியில், “மூலஸ்தானத்துக்கு வேணாம்மா. மனசு ஒப்பல. வாசல் தோரணத்துக்கும் தேர் அலங்காரத்துக்கும் குடுங்க” என்றார்.

“எவ்வளவு வேணும் சாமி?”

“இருக்கிறதெல்லாம் கொண்டாங்க.”

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். பூவை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டாரே என்று பொரிந்தேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னாள்: “கழுத்துக்கு ஒரு மாலை. தேருக்கு எத்தன மாலைன்னு நெனச்சுப் பாரு. வாய மூடிக்கிட்டு வா.”

தேரில் அவள் பூதான் போனது. மஞ்சளும் வெள்ளையுமாக, தெருவை அடைத்துக்கொண்டு. சாமி கழுத்தில் மட்டும் வேறெங்கிருந்தோ வந்த மாலை. அக்கா கூட்டத்துக்குள் நின்று அந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்து, எப்போது வருகிறாய் என்று கேட்டது எனக்கும் கேட்டது. “நெலம் இருக்குடி. நீ புள்ளயத் தூக்கிக்கிட்டு வா” என்றாள்.

அடுத்த நடவுக்குத் தூள் கொண்டுபோனபோது என் பயணப் பை முழுதாக நாறிப்போயிருந்தது. எந்தச் சோப்புக்கும் அது அடங்கவில்லை. இனி அதைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்கும் போக முடியாது, பன்விலவைத் தவிர.

அக்கா பாத்தி போட்டு முடித்திருந்தாள். நான் வழக்கம்போல் மேலிருந்த இரண்டு வரிசையை விட்டுவிட்டு, மூன்றாவதில் தூவக் குனிந்தேன்.

“மேல இருந்தே போடு” என்றாள்.

“சாமி வரிசை?”

மண்வெட்டியால் சரிவின் அடிவாரத்தைக் காட்டினாள். கடைசி இரண்டு வரிசை, சாணியும் சாம்பலும் போட்டுத் தனியாக மெழுகியதுபோல் இருந்தது. “இந்தத் தடவ சாமிக்குப் பள்ளத்துல. அதுல ஒரு பொட்டுத் தூள் படக்கூடாது, புளிச்ச தண்ணி ஒரு சொட்டு ஊத்தக்கூடாது. சொல்லிட்டேன்.”

நான் சரிவைப் பார்த்தேன். மேலே ஓடு, கீழே சாமி. பன்விலவில் மழை பெய்தால் மேல் பாத்தியின் மண்ணும் தண்ணீரும் கீழ்ப் பாத்திக்குத்தான் வரும். அது அவளுக்குத் தெரியாதா? கொழுந்து பறித்த காலமெல்லாம் அந்தச் சரிவுகளில் தண்ணீர் ஓடும் வழியில் நின்றவள்.

“மழ பெஞ்சா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. குனிந்து நாற்றை எடுத்தாள். “மழ எங்குட்டுப் போவணும்னு நானாடா சொல்றது?” என்றாள். “கதையளக்காம போடு. வானம் இருட்டுது.”